தொப்பியின் உட்தோல்: துருக்கித் தொப்பி பற்றி நாம் எழுதுவது குறித்து

இரண்டு வருஷங்களுக்கு முன் எங்கள் பாடசாலையில் மீலாத் விழாவோடு சேர்த்து ஒரு பழம்பொருட் கண்காட்சியும் வைத்தோம். பிள்ளைகள் வீடுகளிலிருந்து படிக்கம், வட்டா, செம்புக் கெண்டி, மரத்தாலான குர்ஆன் பலகை என்று கொண்டுவந்து அடுக்கினார்கள். தமிழ் டீச்சர் மட்டும் சும்மா இருக்க முடியுமா? நானும் ஒரு துருக்கித் தொப்பியைக் கொண்டுபோனேன். அது என் உம்மாவின் வாப்பாவுடையது. நாங்கள் அவரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவோம். அவர் தன் நிகாஹுக்குப் போட்ட தொப்பி என்பது வீட்டுப் பேச்சு.

தொப்பியின் முன்னால் வைத்த அட்டையை நானே என் கையால் எழுதினேன். "துருக்கித் தொப்பி. 1905ஆம் ஆண்டு நம் சமூகத்தின் மானம் காத்த சின்னம்." எழுத்து வடிவாக இருந்தது. அதிபரும் பாராட்டினார். பின்னேரம் ஆண்டு ஏழில் படிக்கும் ஒரு பிள்ளை அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, தொப்பியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இத யாரு செஞ்ச?" என்று கேட்டாள்.

"துருக்கியில செஞ்ச, மகள்" என்றேன். யோசிக்காமல் வந்த பதில். பெயரிலேயே துருக்கி இருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது?

அந்தப் பதில் பிழை என்பது அன்று இரவே எனக்குத் தெரியவந்தது. எப்படித் தெரியவந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். இக்கட்டுரை அந்தப் பிழையின் தொடர்ச்சிதான். துருக்கித் தொப்பியைப் பற்றி நம்மவர்கள் எழுதிய மலர்க் கட்டுரைகள், பேச்சுகள், பாடசாலைச் சஞ்சிகைக் குறிப்புகள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அதற்குப் பிறகு எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். என் அட்டையில் இருந்த பிழை என்னுடையது மட்டுமல்ல என்பது அப்போதுதான் விளங்கியது.

இந்த எழுத்துகள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றன. கதை இதழின் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கிச் சொல்கிறேன். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட அறபி பாஷாவும் தோழர்களும் 1883இல் கொழும்பில் வந்திறங்குகிறார்கள். அவர்களுடைய உடையைப் பார்த்து நம் கனவான்கள் துருக்கித் தொப்பியை விரும்பிப் போடத் தொடங்குகிறார்கள். 1905 செப்டெம்பரில் அப்புக்காத்து எம். சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்ற, பிரதம நீதியரசர் லேயாட் அதை அனுமதிக்க மறுக்கிறார். சமூகம் கொதிக்கிறது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் போன்றோர் முன்னின்று உழைக்கிறார்கள். அவ்வருடம் டிசெம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் நடக்கிறது. இந்தியாவிலிருந்து மௌலவி ரபீஉத்தீன் அஹ்மத் வந்து பேசுகிறார். கடைசியில் தொப்பி வெல்கிறது.

இந்த வரலாற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆட்சியாளனின் மன்றத்தில் எங்கள் தலையில் எது இருக்கவேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிப்போம் என்று சொன்ன முதற் குரல்களில் அது ஒன்று. இன்று பாடசாலை வாசலில் பர்தாவுக்காக வாதாடிய அனுபவம் உள்ள என் போன்ற பெண்களுக்கு அந்தக் குரலின் பெறுமதி நன்றாகவே தெரியும். என் முறைப்பாடு வேறு. இக்கட்டுரைகள் எதிலும் தொப்பி இல்லை. வழக்கு இருக்கிறது, அப்புக்காத்து இருக்கிறார், நீதியரசர் இருக்கிறார், கூட்டம் இருக்கிறது. தொப்பி இருக்கவேண்டிய இடத்தில் 'சின்னம்' என்ற ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அவ்விடத்தில் 'சால்வை' என்று போட்டாலும் கட்டுரை ஓடும். எந்தப் பொருளைப் பற்றி எழுதுகிறோமோ அதைத் தொடாமலே எழுதி முடிக்கலாம் என்றால், அந்த எழுத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது.

புனைகதைக்காரர்களும் இதில் பெரிதாக மாறுபடவில்லை. தமிழகத்தில் கீரனூர் ஜாகிர்ராஜாவின் நாவல் ஒன்றுக்கே 'துருக்கித் தொப்பி' என்று பெயர். பெயரைக் கேட்டதும் ஒரு காலமும் ஒரு குடும்பப் பெருமையும் நமக்குள் எழும்பி நிற்கின்றன அல்லவா? சொல்லின் பலம் அது. நம் சிறுகதைகளிலோ அந்தப் பலத்தைக் கடன் வாங்கும் பழக்கம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. பழைய ஹாஜியாரைக் காட்டவேண்டுமென்றால் ஒரு சாய்மனைக் கதிரை, ஒரு வெற்றிலைத் தட்டம், ஆணியில் ஒரு சிவப்புத் தொப்பி. அவ்வளவுதான், பாத்திர வார்ப்பு முடிந்தது. குஞ்சம் ஆடும், சில வேளை கோபத்தில் அதிகமாக ஆடும். தொப்பி கையில் எடுக்கும்போது எவ்வளவு பாரம், வெயிலில் நெற்றியை என்ன செய்யும், மழையில் நனைந்தால் சட்டைக் கழுத்தில் என்ன நிறம் ஊறும் என்பதை எழுதிய கதையொன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தபோது கைலாசபதியையும் சிவத்தம்பியையும் படிக்காமல் எங்களில் யாரும் பரீட்சை எழுதியதில்லை. ஓர் இலக்கியத்தைப் பார்த்தால் அது எந்தச் சமூக உறவுகளிலிருந்து பிறந்தது, யாருடைய உழைப்பின் மேல் நிற்கிறது என்று கேட்கச் சொல்லித் தந்தார்கள். ஒரு செய்யுளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்குக் கூச்சமில்லை. அலுமாரிக்குள் இருக்கும் தொப்பியிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை. ஆண்டு ஏழுப் பிள்ளைதான் கேட்டாள்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். கண்காட்சிக்கு மூன்று நாட்களுக்கு முன் நான் ஒரு மடத்தனம் செய்திருந்தேன். தொப்பியில் பூச்சி உருண்டை மணமும் அறுபது எழுபது வருட அழுக்கும் இருந்தது. பிள்ளைகள் பார்க்கப்போவது, துப்புரவாக இருக்கட்டும் என்று சுடுதண்ணீரில் சவர்க்காரத் தூள் கரைத்து, தொப்பியை முக்கி, கையால் கசக்கிவிட்டேன். தண்ணீர் குங்குமச் சாயமாக மாறியபோதுதான் கை நின்றது. வெளியே எடுத்தால் நேராக நின்ற தொப்பி ஈரமான காலுறை போலத் தொங்குகிறது. காயவைத்தேன், உள்ளே பத்திரிகைத் தாளை அடைத்தேன், ஊசி குத்தினேன். அதைத்தான் 'மானம் காத்த சின்னம்' என்று அட்டை எழுதிப் பார்வைக்கு வைத்தேன். உம்மாவுக்கு இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. இந்த இதழ் அவர் கைக்குப் போகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கண்காட்சி முடிந்து வீட்டுக்கு வந்து தாளை வெளியே எடுத்தபோது, தொப்பிக்குள் நெற்றி படும் இடத்தில் ஒட்டியிருந்த தோல்பட்டி பாதி கழன்று வந்தது. எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கறுத்திருந்த தோல், என் சவர்க்காரத்தால் வெளுத்துப்போயிருந்தது. அதில் பொன்னிறத்தில் அழுத்திய ஆங்கில எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. விளக்கடியில் பிடித்து வாசித்தேன். 'செக்கோஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்டது.'

எங்கள் அப்பாவின் நிகாஹ் தொப்பி, சமூகத்தின் மானம் காத்த துருக்கித் தொப்பி, துருக்கியில் செய்ததல்ல.

அதன் பிறகு தேடி வாசித்ததைத்தான் இனி எழுதுகிறேன். தொப்பியை எப்படிச் செய்வார்கள் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனென்றால் என் கை செய்த சேதத்துக்கு விளக்கம் அதில்தான் இருந்தது.

இந்தத் தொழில் இன்றும் பழைய முறையில் உயிரோடிருக்கும் இடம் தூனிஸ் நகரம். அங்கே இதன் மென்மையான வகையை 'ஷாஷிய்யா' என்பார்கள். பழைய நகரின் நடுவில் தொப்பிக்காரர்களுக்கென்றே ஒரு சந்தை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து 1609இலும் அதையடுத்தும் துரத்தப்பட்ட அந்தலூஸ் முஸ்லிம்கள் அகதிகளாக வந்து அங்கே இத்தொழிலை வளர்த்தார்கள். அகதி கையோடு கொண்டுவரக்கூடியது கைத்தொழில் ஒன்றுதானே.

துருக்கித் தொப்பி துணியில் வெட்டித் தைப்பதல்ல. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது கம்பளி நூலில் பின்னுவது. தூனிஸில் பெண்கள் வீட்டிலிருந்து நாலைந்து ஊசிகளால் வட்டமாகப் பின்னுகிறார்கள். பின்னி முடித்ததும் அது வெள்ளை நிறத்தில், ஒரு பிள்ளையை உள்ளே உட்காரவைக்கலாம் போல அகலமான, தொளதொளத்த பையாக இருக்கும். தலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் தெரியாது. பிறகு அது நதிக்கரைக்குப் போகும். சுடுதண்ணீர், சவர்க்காரம், இடிப்பு. கம்பளி இழைக்குச் செதில் உண்டு. சூடும் ஈரமும் அழுத்தமும் சேர்ந்தால் செதிலோடு செதில் கொளுவி இழைகள் இறுகும். அகலமான பை ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கி, பின்னல் கண்ணே தெரியாத கெட்டியான கம்பளியாகிவிடும். அதன்பின் ஒருவகை முட்செடியின் காய்ந்த பூந்தலையால் அதைச் சீவுவார்கள். இரும்புச் சீப்பு இழையை அறுத்துவிடும். முட்பூ இழையைத் தூக்கிவிடும், அறுக்காது. பிறகு சாயம். பிறகு அச்சில் ஏற்றிக் காயவிடுதல். மறுபடி சீவுதல். இப்படி ஒரு தொப்பி பல கைகள், பல ஊர்கள் கடந்துதான் கடைக்கு வரும். நுனியில் குஞ்சம் கட்டும் இடத்தில் ஒரு சிறு காம்பு நீட்டிக்கொண்டிருக்குமே, அது பின்னல் முடிந்த இடம். அப்பாவின் தொப்பியிலும் அது இருக்கிறது. சின்ன வயதில் அதைப் பிடித்து இழுத்து அடி வாங்கியிருக்கிறேன்.

எங்களுக்குத் தெரிந்த விறைப்பான, உயர்ந்த தொப்பிக்கு மேலும் ஒரு கட்டம் உண்டு. கெய்ரோவில் அல்அஸ்ஹருக்குப் பக்கத்துக் கூரிய்யாத் தெருவில் அதைச் செய்கிறவர்கள் பித்தளை அச்சுகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தலை அளவுக்கும் ஓர் அச்சு. ஈரக் கம்பளியை உள் அச்சில் மாட்டி, சூடாக்கிய வெளி அச்சை மேலே கவிழ்த்து, கைப்பிடியைத் திருகி அழுத்துவார்கள். ஆவி சீறும். கம்பளிக்கும் உட்துணிக்கும் இடையில் பின்னிய ஓலை ஒரு சுற்று வைப்பார்கள். தொப்பி நிமிர்ந்து நிற்பதும் உள்ளே காற்று ஓடுவதும் அதனால்தான். இத்தொப்பி போட்டவர்கள் அவ்வப்போது கடைக்குக் கொண்டுபோய் மறுபடி அச்சில் போட்டு எடுப்பது வழக்கம். எங்கள் வாப்பாவும் சொல்லியிருக்கிறார். பெருநாளைக்கு முன் கொழும்புக்குப் போகிறவர்களிடம் ஊர்த் தொப்பிகளைக் கட்டிக்கொடுத்து 'மினுக்கி' எடுப்பார்களாம்.

இதை வாசித்தபோதுதான் நான் செய்தது என்னவென்று விளங்கியது. சுடுதண்ணீர், சவர்க்காரம், கசக்கல். அது தொப்பியைச் செய்த அதே முறை. தொப்பி கெட்டுப்போகவில்லை, அச்சுக்கு முந்திய கட்டத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறது. ஓர் அச்சும் அதைத் திருகத் தெரிந்த ஒரு கையும் இருந்தால் நிமிர்ந்துவிடும். அந்த அச்சுதான் எங்கள் ஊர்ப்பக்கம் யாரிடமும் இல்லை.

இனி செக்கோஸ்லோவாக்கியா. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1826இல் ஜானிஸரிப் படையை ஒழித்துப் புதிய படை அமைத்தபோது அதற்கு இத்தொப்பியைக் கொடுத்தார். 1829இல் அரசாங்க உத்தியோகத்தருக்கும் அதையே விதித்தார். தலைப்பாகையின் மடிப்பைப் பார்த்து இவர் இன்ன பதவி, இன்ன மார்க்கம் என்று சொல்லிவிடலாம் என்ற நிலையை மாற்றுவதே அதன் நோக்கம். முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் எல்லோர் தலையிலும் ஒரே தொப்பி. தலைப்பாகையை விட மனமில்லாதவர்கள் அன்று முணுமுணுத்தார்கள். இத்தனை தலைகளுக்குத் தொப்பி வேண்டுமே! தூனிஸ் ஆட்களை வரவழைத்து 1830களில் இஸ்தான்புல்லில் 'பெஸ்ஹானே' என்ற தொப்பி ஆலையை நிறுவினார்கள். அதுவும் போதவில்லை. அந்த இடைவெளிக்குள் நுழைந்தவர்கள் ஆஸ்திரியப் பேரரசின் ஆலைக்காரர்கள். பொஹீமியாவில் ஒட்டாவா நதிக்கரையில் ஸ்ட்ராக்கோனிட்ஸே என்றொரு சிறுநகர். காலுறை பின்னுவதற்கு ஏற்கெனவே பேர்போன ஊர். அங்கே யூத முதலாளிகளின் ஆலைகளில் கத்தோலிக்கத் தொழிலாளர்கள் உலக முஸ்லிம்களுக்குத் தொப்பி செய்தார்கள். முதலாம் உலக யுத்தத்துக்குப் பின் அந்த ஊர் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வந்தது. அப்பாவின் தோல்பட்டி அந்தக் காலத்துக்குரியது.

இதைச் சொன்னதும் ஆசிரியர் அறையில் ஒரு சேர் சிரித்தார். "அப்ப எங்கட சின்னமும் இம்போட்டட் சாமான்தான், என்ன?" சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. இறக்குமதி என்பது வெட்கப்படவேண்டிய விஷயமல்ல. அதை அறியாமல் பெருமை பேசுவதுதான் வெட்கம். உரியவர்கள் அதை அறிந்தே இருந்தார்கள். 1908இல் ஆஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டதாக அறிவித்தபோது உஸ்மானிய நகரங்களில் மக்கள் ஆஸ்திரியப் பொருட்களைப் பகிஷ்கரித்தார்கள். முதலில் கழற்றி எறிந்தது தலையிலிருந்த சிவப்புத் தொப்பியைத்தான். வெள்ளைக் கம்பளித் தொப்பிக்கு மாறினார்கள். எகிப்தில் 1931இல் மாணவர்கள் 'கிர்ஷ் திட்டம்' என்றொன்றைத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு கிர்ஷ், அதாவது ஒரு பியாஸ்டர் கொடுங்கள், நம் தர்பூஷை நாமே செய்வோம் என்று தெருத்தெருவாகச் சில்லறை சேர்த்து ஒரு தொப்பி ஆலையைக் கட்டியும்விட்டார்கள். தலையில் இருப்பது சின்னம் என்றால் அதைச் செய்யும் கை யாருடையது என்ற கேள்வி அவர்களுக்கு எழுந்தது. நமக்கு 1905இலும் எழவில்லை, அதைப் பற்றி எழுதும் இன்றும் எழவில்லை. மருதானைக் கூட்டத்தில் எத்தனை தலைகளில் பொஹீமியக் கம்பளி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

தொப்பியை 'இஸ்லாமியச் சின்னம்' என்று எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கடந்துபோகிறார்கள். 1829இல் புதுமை என்று சிலர் முகம் சுளித்த அதே தொப்பி, கொழும்பில் 1905இல் மார்க்கத்தின் அடையாளமாக நின்றது. 1925 நவம்பர் 25ஆம் திகதி துருக்கியின் தொப்பிச் சட்டம் அதைக் கழற்றி விளிம்புள்ள ஐரோப்பியத் தொப்பியைப் போடச் சொன்னது. அதற்கு முன்னரே, 1924இல், ஐரோப்பியத் தொப்பியை எதிர்த்து ஒரு சிறுநூல் எழுதியிருந்த இஸ்கிலிப்லி ஆத்திஃப் ஹோஜா 1926 பெப்ரவரியில் அங்காராவில் தூக்கிலிடப்பட்டார். நூறு வருடத்துக்குள் ஒரே கம்பளிக்கு இத்தனை அர்த்தம். அர்த்தம் கம்பளிக்குள் இல்லை, அதை ஏற்றுகிறவர்களிடமும் இறக்குகிறவர்களிடமும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு சொல்லின் பொருள் காலத்துக்குக் காலம் மாறுவதை ஒப்பிலக்கணத்திலும் உரைகளிலும் மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறோமே, அது போலத்தான்.

அதோடு, எல்லாத் தலையிலும் இத்தொப்பி இருந்ததாக எழுதுவதும் சரியல்ல. வியாபாரி, படித்தவர், ஊர்ப் பெரியவர் போட்டார்கள். எங்கள் அப்பாவின் கடையில் மூட்டை தூக்கியவர் தலையில் லேஞ்சிதான் கட்டினார். துருக்கித் தொப்பி வருவதற்கு முன்னால் நம்மவர்கள் போட்டது வேறொன்று. இலங்கையைப் பற்றிய பழைய படங்களிலும் தபாலட்டைகளிலும் 'மூர்' என்று குறித்த ஆண்களைப் பாருங்கள். மழித்த தலையில் விளிம்பில்லாத, உயரமான, பல நிறத்தில் பின்னிய தொப்பி இருக்கும். அதைத் தள்ளிவிட்டுத்தான் சிவப்புத் தொப்பி வந்தது. வந்தது வென்றது என்று எழுதும் நாம், போனதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அது பின்னியது, பின்னியது என்றால் பின்னிய ஒரு கை இருந்திருக்க வேண்டும். நம் ஆய்வாளர்களில் யாராவது இளையவர் அந்தத் தபாலட்டைகளிலிருந்து தொடங்கினால் ஒரு நல்ல ஆய்வேடு கிடைக்கும்.

எழுத்தை விட்டுச் சேகரிப்புக்கு வருகிறேன். இங்கேதான் விஷயம் அவசரமானது. கடந்த சில வருடங்களாகப் பழம்பொருள் சேர்ப்பது நம்மிடையே ஓர் ஆசையாகப் பரவுகிறது. நல்லதுதான். இப்படிச் சேர்க்கும் ஒரு ஹாஜியாரைப் பற்றிக் கேள்விப்பட்டு, போன வருடம் பாடசாலை விடுமுறையில் என் கணவருடன் அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர், இஞ்சித் தேத்தண்ணீர் தந்து, கண்ணாடி அலுமாரியைத் திறந்து காட்டினார். முப்பதுக்கு மேற்பட்ட துருக்கித் தொப்பிகள். எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே மினுக்கம். எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது, பிறகு என்னவோ போல் ஆனது. எந்தத் தொப்பியும் எந்தத் தலைக்கும் உரியதாகத் தெரியவில்லை.

ஒன்றைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தேன். புத்தம்புது சாட்டின் துணி. இன்னொன்றிலும் அப்படியே. "உள்ளுக்கெல்லாம் பழசா, கிழிஞ்சி, நாத்தமா ஈந்த, டீச்சர். டெய்லர்கிட்ட குடுத்து எல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசு போட்ட. மேலால கலர் ஸ்ப்ரேயும் அடிச்ச" என்றார். பெருமையோடுதான் சொன்னார். செலவும் நிறையச் செய்திருக்கிறார். தோல்பட்டி, ஓலைச் சுற்று, ஆலையின் முத்திரை, தலை அளவு இலக்கம், உரியவர் பென்சிலால் குறித்தது எல்லாம் அந்த 'உள்ளுக்கு' என்ற ஒரு சொல்லில் அடங்கிப் போய்விட்டன. குஞ்சங்களும் ஒரே நீளமாக, நைலோன் நூலில், புதிதாக இருந்தன.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் சவர்க்காரம் போட்டவள். நான் அட்டையில் செய்ததையும் கட்டுரையாளர்கள் தாளில் செய்ததையும் அவர் டெய்லரைக் கொண்டு செய்திருக்கிறார், அவ்வளவுதான். மூன்றிலும் வெளிச் சிவப்பு மிஞ்சுகிறது, உள்ளே இருந்தது போய்விடுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கட்டுரையைத் திருத்தி எழுதலாம். கழற்றி எறிந்த தோலைத் திரும்ப வாசிக்க முடியாது. ம. மு. உவைஸ் அவர்கள் நம் பழைய காப்பியங்களையும் கிஸ்ஸாக்களையும் தேடித் திரட்டித் தொகுதி தொகுதியாக இலக்கிய வரலாறு எழுதினார். அவர் அந்த ஏடுகளுக்குப் புது மட்டை போட்டு, உள்ளே இருந்த தாளைக் கிழித்து எறிந்திருந்தால் இன்று நமக்கு என்ன இருந்திருக்கும்?

ஆகவே வீட்டில் துருக்கித் தொப்பி வைத்திருக்கும் வாசகர்களிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கழுவாதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள். மென்மையான பிரஷால் ஒரே திசையில் தூசியைத் தட்டி, மையெழுத்து இல்லாத வெள்ளைத் தாளை உள்ளே லேசாக அடைத்து வையுங்கள். பத்திரிகைத் தாள் மை விடும். என் தொப்பிக்குள் இப்போது ஒரு விளம்பரம் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. பக்கத்தில் தையல் மூட்டு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பின்னி இறுக்கியதென்றால் மூட்டு இருக்காது. இருந்தால் கம்பளித் துணியை வெட்டித் தைத்த மலிவு வகை. மலிவென்று எறியவும் வேண்டாம், மலிவு வகையை யார் வாங்கினார்கள் என்பதும் வரலாறுதான். உட்தோலை விளக்கடியில் வாசித்து எழுதிவையுங்கள். உரியவர் யார், எங்கே வாங்கினார், எப்போது போடுவதை நிறுத்தினார் என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு அதே தாளில் குறியுங்கள். கடைசிக் கேள்விக்கு எங்கள் வீட்டில் கிடைத்த பதில், உம்மா சொன்னது: "வெள்ளத் தொப்பி லேசு, கழுவி ஒணத்தேலும்." அடையாளம், மார்க்கம், அரசியல் என்று நான் என்னென்னவோ எதிர்பார்த்திருந்தேன். அந்த வெள்ளைத் தொப்பியின் பொதியில் இப்போது சீனாவின் பெயர் இருக்கிறது.

ஹாஜியார் வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டேன். "நானா, கழட்டின பழசெல்லாம் என்ன செஞ்ச?"

"எறியத்தான் சொன்ன. டெய்லர் என்ன செஞ்சாரோ தெரியா. கேட்டுப் பாக்குறன். என்னத்துக்கு டீச்சர் அந்தக் குப்ப?"

மூன்று கிழமைக்குப் பிறகு அவரே ஆள்விட்டு ஒரு சொப்பிங் பேக் அனுப்பினார். டெய்லர் கடையின் பின்பக்கம் கிடந்ததாம். எலி கடித்தது போக பதினொரு தோல்பட்டிகள் இருந்தன. எந்தப் பட்டி எந்தத் தொப்பிக்குரியது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. ஏழில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டில் செக்கோஸ்லோவாக்கியா. ஒன்றில் பிறையும் நட்சத்திரமும், அவற்றின் கீழே ஆஸ்திரியா. பதினோராவது பட்டியில் ஆலையின் பெயரே இல்லை. உட்பக்கத்தில் கறுத்த மையால் யாரோ அரபுத் தமிழில் தன் பெயரை எழுதியிருக்கிறார். முன்பகுதி வியர்வையில் கரைந்துவிட்டது. 'லெப்பை' என்பது மட்டும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.